கூம்பு எண் அறுபத்தொன்று

குரோனிங்கனில் விடாத பனி.
சைக்கிளைப் பூட்டிவிட்டு நாலாம் மாடி ஏறுகிறேன்.
ஒரு குரங்கின் விழித்திரை
கணினியில் எனக்காகக் காத்திருக்கிறது:
தலைமயிரை ஆயிரமாய்ச் சீவினால் வரும் கனத்தில்
நாலாயிரத்துச் சொச்சம் சீவல்கள்.
வெட்டியது வைரக் கத்தி.
பார்த்தது எலெக்ட்ரான்.
எலெக்ட்ரானுக்கு நிறம் தெரியாது.
எனக்கும் பாதி தெரியாது.

வேலைக்குச் சேரும்போதே தியூக்கேயிடம் சொல்லிவிட்டேன்,
சிவப்பும் பச்சையும் எனக்கு
ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று.
"வா," என்றாள், "இங்கே எல்லாம் சாம்பல்தான்."

கூம்பின் பாதத்தில் தொடங்குவேன்.
அகன்ற பாதம்.
உள்ளே இருபதுக்கு மேல் கரிய நாடாக்கள்,
நாடாதோறும் ஈ மொய்த்தாற்போல் நுண்பைகள்.
இருட்டில் இது ஓயாமல் பேசும்.
ஒளி பட்டால் வாயடைத்துப்போகும்.
வாயடைத்ததுதான் செய்தி.

அடியில் இரண்டு குள்ள செல்கள் ஒட்டுக்கேட்கின்றன.
ஒன்று குழிக்குள் விரல் விட்டிருக்கிறது;
பேச்சு நின்றதும் துள்ளி எழும்.
மற்றது பாதத்தின் அடித்தோலைத் தொட்டபடி
பேச்சு இருக்கும்வரை தானும் பேசும்.
இன்னொன்றும் உண்டு,
கிடையாகப் படர்ந்த செல்.
அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு
அதைக் கழித்துக்கொண்டே இருக்கும்.

பார்வையின் நடுக்குழியில்
ஒரு கூம்புக்கு ஒரு தனி வழி.
பங்காளி இல்லை.
கூம்பு ஓரிடம், அதன் பாதம் தள்ளி வேறிடம்,
நடுவே காற்றில் சாய்ந்த புல்லாய் நீண்ட நார்.

அது சிவப்புக் கூம்பா, பச்சைக் கூம்பா?
பாதம் சொல்லாது.
வழியும் சொல்லாது.
கண் நன்றாய்த் தெரிகிற தியூக்கேயும்
என்னைப் போலவே விழிக்கிறாள்.
மென்பொருள் நிறம் கேட்கும்.
நான் எண் போடுவேன். நாற்பத்து நாலு. நாற்பத்தைந்து.

குரங்குக்கும் எண்தான், பதிவேட்டில்.
கூண்டைப் பார்த்துக்கொண்ட சீட்ஸே மட்டும்
பிப் என்று கூப்பிடுவானாம்.
கை நிறையக் கொடிமுந்திரி நீட்டினால்
பழுத்ததை மட்டும் பொறுக்குமாம், பிழையே இல்லாமல்.
என் பத்து வயதில் ஒரு தோட்டத்தில்
காயைக் கடித்துத் துப்பித் துப்பி
வாய் புளித்துப்போனது எனக்கு ஞாபகம்.

அறுபத்தொன்றில் நின்றேன்.
மணி மூன்று இருக்கும்.
கொஞ்சம் சிறிய பாதம்.
எங்கிருந்தோ ஒரு மெல்லிய இழை
மூன்று பாதங்களின் கீழே புகுந்து
ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அவற்றைத் தாண்டி
இதன் வாசலில் மட்டும் நுழைந்திருந்தது.
தவறாக வரைந்தேனோ என்று அழித்தேன்.
மறுபடி வரைந்தேன். மறுபடியும் அதே வாசல்.

இழையைப் பிடித்துக் கீழே இறங்கினேன்,
சீவல் சீவலாக,
தேநீர் ஆறி ஆடை கட்டும் வரை.
இரண்டு தளங்களில் கிளை விரித்த ஒரு செல்.
அதன் உள்தளத்தில் போய் அடைந்தது இழை.
நீலம்.
சாம்பலுக்குள் சேர்க்கையால் மட்டும் பிடிபட்ட நீலம்.
நீலம் எனக்குத் தெரியும்.
பட்டியலில் அதைத் தொட்டேன்,
இழை முழுதும் பற்றிக்கொண்டது.

தியூக்கேக்கு எழுதி அனுப்பினேன்.
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மூளைக்கு நிறம் போவதில்லை.
எந்த வழியாய் வந்தது என்பதுதான் போகிறது.
நானும் அப்படித்தான் இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிறேன்:
மேலே எரிந்தால் நில்,
கீழே எரிந்தால் போ.

கால்வாய்ப் பாலத்தருகே சிக்னலைப் பனி அப்பியிருந்தது.
மேலுமில்லை, கீழுமில்லை,
பஞ்சுக்குள் வைத்த தீக்குச்சி மாதிரி ஒரு மங்கல்.
ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றேன்.
கையுறைக்குள் விரல் மரத்தது.

குறுக்குத் தெருவில் ரொட்டி வண்டி ஒன்று வந்தது,
வேகம் குறைத்தது,
நின்றது.

அப்படியானால் எனக்குப் பச்சை.